கப்பி ஏன் ஆடுகிறது?



வைகாசித் திங்களில் புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயில் தேர்த் திருவிழா நடைபெறுவதை உங்களுள் பலர் கண்டிருப்பீர்கள். பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரே வந்து வடம் பிடித்த பெருமை அத்தேருக்கு உண்டு. ஆட்சி மாறிய பின்னரும், துணைநிலை ஆளுநர் வடம் பிடித்துத் தொடங்கி வைக்கும் வழக்கம் நீடித்து வருகிறது. காண வந்தவர்கள் அண்ணாந்து தேரின் உயரத்தையும் ஒப்பனையையும் பார்க்கிறார்கள். தச்சரோ குனிந்து அச்சையும் அதில் செருகிய ஆணியையும் பார்க்கிறார். எத்தனை ஆயிரம் பேர் வடம் பிடித்தாலும், அந்த ஆணி தளர்ந்தால் தேர் ஓடாது என்பது அவருக்குத் தெரியும்.

இன்று நான் உங்களோடு பேச எடுத்துக்கொண்டதும் அத்தகைய ஒரு சிறு பொருளைப் பற்றித்தான். அது தேரில் இல்லை. மோட்டார் எஞ்சினின் முன்புறத்தில் இருக்கிறது. விரல் நகத்தைவிடச் சற்றே பெரிதான அந்த இரும்புத் துண்டு ஒரு ஸ்போர்ட்ஸ் காரை எப்படி நிறுத்திவிடுகிறது என்பதைக் காண்போம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகல். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, புதுச்சேரி நகருக்குள் நுழைந்ததும் முனகத் தொடங்கிற்று. இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய கார் அது. எனக்குப் பழக்கமான ஒரு பட்டறைக்கு அதைக் கொண்டுவந்தார்கள். அவ்வேளையில் நானும் அங்கே இருந்தேன். மூத்த மெக்கானிக் எஞ்சினை ஓடவிட்டார். நீண்ட திருப்புளி ஒன்றின் நுனியை எஞ்சினின் உடலில் ஊன்றி, அதன் பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். பிறகு விளக்கைப் பிடித்து, முன்புறத்துக் கப்பியின் விளிம்பைக் கூர்ந்து நோக்கினார். கப்பி நேராகச் சுழலவில்லை. தரையில் சுழற்றிவிட்ட நாணயம் ஓயும் தறுவாயில் தள்ளாடுமே, அதுபோலத் தள்ளாடிற்று.

"அண்ணே, நடு போல்ட் தளர்ந்திருக்கிறது. இறுக்கிவிடட்டுமா? ஐந்து நிமிட வேலைதானே?" என்றான் உதவிக்கு இருந்த இளைஞன்.

"இறுக்கலாம் தம்பி. சத்தமும் நிற்கும். ஆனால் வண்டி மரக்காணம் தாண்டுமா என்று நீயே சொல்" என்றார் பெரியவர்.

இளைஞன் விழித்தான். தளர்ந்ததை இறுக்குவதில் என்ன பிழை? நேர்மையான கேள்விதான். விடை காண வேண்டுமானால், எஞ்சினின் முன்புறத்தில் என்ன நிகழ்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். பாதம் மேலும் கீழும் அசைகிறது, சக்கரமோ சுற்றுகிறது. நேர்கோட்டு அசைவைச் சுழற்சியாக மாற்றுவது அங்கே வளைந்திருக்கும் கிராங்கு. மோட்டார் எஞ்சினிலும் பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றுவது இத்தகைய உறுப்புத்தான். அதனைக் கிராங்குத் தண்டு என்பர். அதன் பின்முனை கிளட்ச், கியர் வழியே சக்கரங்களை ஓட்டுகிறது. முன்முனை எஞ்சினுக்கு வெளியே சிறிது நீண்டிருக்கிறது. அந்த முனையை மூக்கு என்று வைத்துக்கொள்வோம்.

மூக்கின் மேல் இரண்டு உறுப்புகள் அமர்ந்துள்ளன. உட்புறத்தில் இருப்பது ஒரு பற்சக்கரம். அது டைமிங் பெல்ட்டையோ சங்கிலியையோ ஓட்டி, வால்வுகள் உரிய நொடியில் திறந்து மூடும்படி செய்கிறது. வெளிப்புறத்தில் இருப்பது கப்பி. அதன் மேல் ஓடும் பட்டை, எஞ்சினைக் குளிர்விக்கும் நீர்ப் பம்பையும் மின்சாரம் ஆக்கும் ஆல்டர்னேட்டரையும் சுழற்றுகிறது. இரண்டையும் சேர்த்து மூக்கோடு அழுத்திப் பிடித்திருப்பது நடுவிலுள்ள ஒரே ஒரு பெரிய போல்ட். இவை இடம் பிசகாதபடி, மூக்கில் வெட்டிய காடியில் பாதியும் பற்சக்கரத்தின் காடியில் பாதியுமாக ஒரு சிறு இரும்புத் துண்டு செருகப்பட்டிருக்கிறது. பட்டறைகளில் அதனைக் 'கீ' என்பார்கள். நாம் சாவி எனலாம்.

இத்தகைய சாவி புதுச்சேரிக்குப் புதிதன்று. 1898இல் தோன்றி ரோடியர் மில் என்று மக்களால் அழைக்கப்பட்ட ஆலை முதலான நம் பஞ்சாலைகள் இன்று இயங்கவில்லை. பஞ்சாலைத் தொழில் தழைத்த பழைய காலத்தில், உலகெங்கும் ஆலைக் கூடத்தின் உச்சியில் நீண்ட தண்டு ஒன்று சுழலும். அதில் வரிசையாகக் கப்பிகள் இருக்கும். ஒவ்வொரு கப்பியிலிருந்தும் ஒரு தோல் பட்டை இறங்கி, கீழேயுள்ள இயந்திரத்தை ஓட்டும். அக்கப்பிகளையும் தண்டோடு பிணைத்தவை சாவிகளே.

இப்போது ஒரு வினா. கப்பியைச் சுழற்றும் விசையைத் தாங்குவது சாவியா, போல்ட்டா? சாவிதான் என்று பெரும்பாலோர் விடை கூறுவர். கார் எஞ்சினைப் பொறுத்தவரை அது சரியன்று. இரண்டு புத்தகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேற்புத்தகத்தை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள், எளிதில் நகரும். இரண்டையும் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து நன்றாக அழுத்திக்கொண்டு தள்ளச் சொல்லுங்கள், நகராது. அழுத்தம் மிகுந்தால் உராய்வும் மிகும். மூக்கின் மேலும் இதுவே நிகழ்கிறது. போல்ட் அழுத்துகிறது, அழுத்தத்தால் பிறக்கும் உராய்வு விசையைத் தாங்குகிறது. சாவியின் வேலை, பொருத்தும்போது இடம் காட்டுவதே. சுமக்கும் வேலை அதற்கு வந்து சேர்ந்தால் ஏதோ தவறு நேர்ந்துவிட்டது என்று பொருள்.

போல்ட் எவ்வாறு அழுத்துகிறது? இரும்பு அசையாத பொருள் என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் திருகி இறுக்கும்போது போல்ட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட சுருள்வில் சுருங்க முயல்வதுபோல அதுவும் சுருங்க முயன்று, கப்பியை மூக்கோடு சேர்த்து இழுத்துப் பிடிக்கிறது. நீங்கள் படிக்கும் ஹூக்கின் விதி இங்கே நாள்தோறும் வேலை செய்கிறது. அளவுக்குக் குறைவாக இறுக்கினால் பிடிப்புப் போதாது. அளவுக்கு மீறி இறுக்கினாலோ, போல்ட் மீட்சி எல்லையைக் கடந்து, பழைய நிலைக்குத் திரும்பாமல் தொய்ந்துவிடும், முறிந்தும் போகலாம்.

ஆகவேதான் எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை நிறுவனங்கள் எண்ணாகவே குறித்துத் தருகின்றன. அந்த எண்ணைக் காட்டும் கருவிக்கு டார்க் ரெஞ்சு என்று பெயர். திருகும்போது நாம் செலவிடும் முயற்சியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. மற்றவை போல்ட்டின் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே கழிகின்றன. மரையில் துருவோ மணலோ இருந்தால், கருவி சரியான எண்ணைக் காட்டும். பிடிப்போ குறைவாகவே இருக்கும். துடைத்துச் சுத்தம் செய்வதும் இறுக்குவதன் ஒரு பகுதி என்பதை இதனால் உணரலாம்.

இனி, பிடிப்புக் குறைந்தால் நேர்வது என்ன என்று பார்ப்போம். கிராங்குத் தண்டு ஒரே சீராகச் சுழல்வதாக நமக்குத் தோன்றுகிறது. உண்மையில் ஒவ்வொரு வெடிப்பும் அதை ஒரு தள்ளு தள்ளுகிறது. அடுத்த வெடிப்புக்குள் அது சற்றே தளர்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்புகள். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்று கொண்டால், சென்னையிலிருந்து புதுச்சேரிக்கு வரும் மூன்று மணி நேரத்தில் தண்டு 5,40,000 முறை சுழல்கிறது. 10,80,000 முறை தள்ளப்படுகிறது. ஒவ்வொரு தள்ளலின்போதும் கனமான கப்பி பின்தங்கப் பார்க்கிறது. தண்டு தளரும்போது முந்தப் பார்க்கிறது. பிடிப்பு உறுதியாக இருந்தால் இதனால் தீங்கில்லை. தளர்ந்திருந்தால், பத்து லட்சம் சிறு சம்மட்டி அடிகள் சாவியின் மேல் விழுகின்றன.

அவ்வடிகளால் சாவியின் விளிம்பு தேய்கிறது. காடியின் சுவர் அகல்கிறது. ஒன்றோடொன்று உரசும் பரப்புகளிலிருந்து நுண்ணிய தூள் உதிர்கிறது. அத்தூள் காற்றோடு சேர்ந்து, செந்நிறமான இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. உதிர்ந்த அளவுக்கு இடைவெளி கூடுகிறது; இடைவெளி கூடிய அளவுக்குப் பிடிப்புக் குறைகிறது; பிடிப்புக் குறைந்த அளவுக்கு உரசல் மிகுகிறது. ஆட்டம் ஆட்டத்தையே வளர்க்கிறது. எண்ணிப் பாருங்கள்: தேய்ந்துபோன பரப்பின் மேல் போல்ட்டை இறுக்கினால் அது எதை அழுத்துகிறது? மேடுபள்ளமான சில புள்ளிகளை மட்டுமே அழுத்துகிறது. அப்புள்ளிகள் நசுங்கியதும் இறுக்கம் மறைந்துபோகிறது. மரக்காணம் தாண்டுமா என்று பெரியவர் கேட்டதன் பொருள் இதுவே.

இந்நோயால் பெயர் பெற்ற கார் ஒன்று உண்டு. ஜப்பானின் மஸ்தா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் எம்.எக்ஸ்.5 என்னும் இருவர் காரைக் காட்டியது. அமெரிக்காவில் அதனை மியாட்டா என்றழைத்தனர். ஸ்போர்ட்ஸ் கார்களுள் உலகிலேயே மிகுதியாக விற்பனையான இருவர் கார் அதுவே. 2016இல் பத்து லட்சமாவது கார் ஆலையை விட்டு வெளிவந்தது. அத்தகைய சிறந்த காரின் தொடக்க கால 1.6 லிட்டர் எஞ்சின்களில் கிராங்குத் தண்டின் மூக்குச் சிறியதாக அமைந்திருந்தது. டைமிங் பெல்ட்டை மாற்றும்போது நடு போல்ட்டைக் கழற்றி மீண்டும் மாட்ட வேண்டும். அளவு தவறி மாட்டிய சில கார்களில் கப்பி தளர்ந்தது, சாவி நசுங்கியது, காடி அகன்றது.

அதனால் விளைந்த தொல்லை கப்பியோடு நிற்கவில்லை. உட்புறப் பற்சக்கரமும் அதே சாவியை நம்பியிருப்பதால், வால்வுகள் திறக்கும் காலமும் பிந்தியது. எஞ்சின் வலுவிழந்தது. உரிமையாளர்கள் ஸ்பார்க் பிளக்கையும் பெட்ரோல் பம்பையும் ஐயுற்று, ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்த்தனர். நோயோ எவரும் பார்க்காத மூக்கில் வளர்ந்துகொண்டிருந்தது.

நிறுவனம் 1991இல் மூக்கைப் பெரிதாக்கிய புதிய தண்டைக் கொண்டுவந்தது. பழைய சிறு மூக்குக்கு உரிய இறுக்கம், ஒரு மீட்டர் நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் சுமார் 11 கிலோகிராம் எடையைத் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். பெரிய மூக்குக்கோ அது சுமார் 16 கிலோகிராம். பிடிப்பு மிகுந்தது; நோய் மறைந்தது. கப்பியின் நடுப்பகுதியில் நான்கு பிளவுகள் இருந்தால் பழைய வகை, எட்டு இருந்தால் புதிய வகை என்று கழற்றாமலேயே அடையாளம் காணலாம்.

ஆனால் இது வெளிநாட்டுக் கார்களுக்கே உரிய செய்தி என்று எண்ண வேண்டா. இங்கிலாந்தில் 1955 முதல் 1962 வரை செய்யப்பட்ட எம்.ஜி.ஏ. என்னும் புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரில் முதலில் இருந்தது 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சின். நம் அம்பாசடர் காரில் நெடுங்காலம் இருந்ததும் அதே குடும்பத்து எஞ்சினே. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. எனினும், முன்புறம் ஹேண்டில் கொடுத்து அதனை எழுப்பியவர்கள் இன்றும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அந்த ஹேண்டில் சென்று கவ்விய இடம்தான் கப்பியின் நடு மரை. அது தளராதபடி, அடியிலுள்ள வாஷரின் நாக்கை மடித்துப் பூட்டியிருப்பார்கள். பாட்டனார் காலத்து மெக்கானிக் அந்த நாக்கை மடிக்க மறந்தால், அம்பாசடருக்கும் இதே கதிதான்.

கப்பி ஆடுவதைக் கண்டால், அதன் காரணத்தை எப்படிப் பிரித்தறிவது? மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். முதலாவது, பல கார்களில் கப்பியின் நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே அதிர்வைத் தணிக்கும் ரப்பர் வளையம் உண்டு, அது நைந்திருக்கலாம். இரண்டாவது, எதிலோ மோதி விளிம்பு வளைந்திருக்கலாம். மூன்றாவது, மூக்கிலேயே இருக்கை தேய்ந்திருக்கலாம். எஞ்சினை நிறுத்திவிட்டு, நடுவிலிருந்து விளிம்பு வரை சுண்ணக்கட்டியால் ஒரு கோடு இழுங்கள். சில நிமிடங்கள் மட்டும் ஓடவிட்டு மீண்டும் நிறுத்திப் பாருங்கள். கோடு முறிந்திருந்தால் ரப்பர் நழுவியிருக்கிறது. கோடு முறியவில்லையென்றால், பட்டையைக் கழற்றிவிட்டுக் கப்பியைக் கையால் அசைத்துப் பாருங்கள். நடுப்பகுதியே அசைந்து, ஓரத்தில் செந்தூள் படிந்திருந்தால், குற்றம் மூக்கில் இருக்கிறது. இரண்டும் இல்லையெனில் விளிம்பு வளைந்ததாகக் கொள்ளலாம்.

ஓர் எச்சரிக்கை: ஓடும் பட்டையின் அருகே தொங்கும் துணியோ அவிழ்ந்த கூந்தலோ கூடாது. கை வைக்குமுன் எஞ்சினை நிறுத்துங்கள். பாட்டரியின் இணைப்பைக் கழற்றுங்கள். நோயைக் கண்ட பிறகு, வீடுவரை ஓட்டிச் சென்றுவிடலாம் என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள்.

குற்றம் மூக்கில்தான் என்றால், மருந்து தேய்மானத்தின் அளவைப் பொறுத்தது. காடி கெடாமல் சாவி மட்டும் நசுங்கியிருந்தால், புதிய சாவியும் புதிய போல்ட்டும் போதும். காடி மிகவும் அகன்றிருந்தால், எஞ்சினை இறக்கித் தண்டையே மாற்ற வேண்டும், செலவு பெரிது. இடைப்பட்ட நிலைக்கு ஒரு வழி உண்டு. உலோகங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியை நிரப்பி இறுகும் பசை ஒன்றைப் பூசி, புதிய சாவியைப் பதிப்பார்கள். அரை மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியை நிரப்பக்கூடிய வகைகளும் உள்ளன.

இப்பசையின் இயல்பு வியப்புக்குரியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் படும் வரை அது திரவமாகவே இருக்கும். உலோகங்களின் நடுவே காற்றுப் புகாத இடுக்கில் அடைபட்டதும் இறுகித் திண்மமாகிவிடும். இதனை 1953இல் கண்டவர் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் டிரினிட்டி கல்லூரியின் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள். லாக்டைட் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவிற்று. அரைநிலா வடிவான சாவிக்குப் பெயர் கொடுத்த உட்ரஃப் என்பவரும் அதே ஹார்ட்ஃபோர்டு நகரத்தவரே. அச்சாவிக்காக 1888இல் பிராங்கிளின் கழகம் அவருக்கு ஜான் ஸ்காட் பதக்கம் அளித்தது. சாவியும், அது தேய்ந்தபோது காக்கும் பசையும் ஒரே ஊரில் பிறந்தவை.

பட்டறைக்குத் திரும்புவோம். பெரியவர் போல்ட்டைக் கழற்றினார். கப்பியை வெளியே எடுத்ததும், குங்குமம்போல் செந்தூள் கொட்டிற்று. சாவியின் ஒரு பக்கம் எலி கடித்த தேங்காய்த் துண்டுபோல் இருந்தது. காடியின் சுவரும் சற்று அகன்றிருந்தது. இளைஞன் ஒன்றும் பேசவில்லை.

காரின் உரிமையாளர், "இன்று மாலையே சென்னைக்குத் திரும்பியாக வேண்டும். எப்படியாவது இறுக்கிக் கொடுத்துவிடுங்கள், கூலி எவ்வளவானாலும் தருகிறேன்" என்றார். ஐந்து நிமிட வேலைக்குக் கை நிறையப் பணம் வாங்கிக்கொள்ளப் பெரியவருக்கு அதைவிட நல்ல வாய்ப்பு இராது. அவர் தேய்ந்த சாவியை உரிமையாளரின் உள்ளங்கையில் வைத்தார். "ஐயா, இதை நீங்களே பாருங்கள். நான் இறுக்கிக் கொடுத்தால் நீங்கள் வழியில் நிற்பீர்கள். அதற்குள் தண்டும் போய்விடும். நீங்கள் பஸ்ஸில் போய் வாருங்கள். வண்டி இங்கே இருக்கட்டும்" என்றார்.

உரிமையாளர் நெடுநேரம் சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேருந்து நிலையத்துக்குப் புறப்பட்டார். உரிய போல்ட்டும் சாவியும் வந்து சேரச் சில நாட்கள் ஆயின. மூக்கைத் துடைத்து எண்ணெய்ப் பசை போக்கி, புதிய சாவியைப் பதித்துப் பசை பூசிய பின், டார்க் ரெஞ்சை இளைஞன் கையிலேயே கொடுத்தார் பெரியவர். குறித்த எண் வந்ததும் அவன் நிறுத்தினான். "இன்னும் கொஞ்சம்?" என்று கேட்க வாயெடுத்தவன், தானே சிரித்துக்கொண்டான். பசை இறுகும்படி ஒரு முழுநாள் எவரும் எஞ்சினைத் தொடவில்லை.

உரிமையாளர் வந்தபோது, "இது தண்டைப் புதிதாக்கவில்லை ஐயா, ஆயுளைக் கூட்டியிருக்கிறது, அவ்வளவுதான். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கப்பியின் விளிம்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று பெரியவர் சொல்லி அனுப்பினார்.

நாளை உங்களுள் சிலர் தொழிற்பயிற்சிக் கூடங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஸ்பானரைக் கையில் எடுப்பீர்கள். தளர்ந்த போல்ட் ஒன்று கண்ணில் பட்டால், இறுக்கு என்று கை முந்தும். ஏன் தளர்ந்தது என்று ஒருமுறை கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தெரிந்த பிறகு இறுக்கிய போல்ட் எளிதில் தளராது.